கட்டம் கட்டமாக உடைந்த படம்: கல்லூரி வளாகத்தில் மல்டிகாஸ்ட் பாக்கெட் இழப்பைத் தேடிய பதிவு

எங்கள் கல்லூரியின் ஐந்து கட்டடங்களிலும் உள்ள தொலைக்காட்சிகளில் இப்போது 22 அலைவரிசைகளும் உடையாமல் ஓடுகின்றன. எந்தக் கட்டடத்தில் மடிக்கணினியைச் செருகி ஒரு மணி நேரம் எண்ணிப் பார்த்தாலும் பாக்கெட்டுகளின் (வலையமைப்பில் போகும் தரவுத் துண்டுகளின்) வரிசை எண்ணில் இடைவெளி விழுவதில்லை. இதற்கு முன் படம் உடைவது, நிற்பது, ஒலி மட்டும் விட்டுவிட்டு வருவது என எல்லாமே நடந்தன. இவை அனைத்தையும் ‘பாக்கெட் இழப்பு’ என்று ஒரே பெயரிட்டு ஒரே மருந்தைத் தேடியதால்தான் வேலை நீண்டது. உள்ளே இருந்தவை தனித்தனிக் காரணங்கள். அவற்றைப் பிரித்த வழியைப் படிப்படியாகப் பதிவு செய்கிறேன்.

முதலில் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். மத்திய அரசு 2017-இல் தொடங்கிய ஸ்வயம் பிரபா கல்வி அலைவரிசைகள், கிழக்கு 93.5 பாகையில் உள்ள ஜிசாட்-15 செயற்கைக்கோள் வழியாகக் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. மொட்டைமாடியில் ஒரு டிஷ், அதில் சிக்னலைப் பிடித்துக் கேபிளுக்குத் தரும், நான்கு வெளியீடு கொண்ட எல்என்பி, சர்வர் அறையில் நான்கு ட்யூனர் உள்ள பிசிஐ எக்ஸ்பிரஸ் அட்டை செருகிய ஒரு லினக்ஸ் கணினி. இவ்வளவுதான் தலைமை நிலையம். வீடியோலேன் குழுவின் டிவிபிளாஸ்ட் என்ற மென்பொருள் ஒவ்வோர் அலைவரிசையையும் பிரித்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு மல்டிகாஸ்ட் முகவரி கொடுத்து, ஆர்டிபி பாக்கெட்டுகளாக வலையமைப்பில் விடுகிறது. மல்டிகாஸ்ட் என்பது ஒரே ஓட்டத்தை, அதன் குழுவில் சேர்ந்த எல்லாக் கருவிகளுக்கும் சேர்த்து ஒருமுறையே அனுப்பும் முறை. ஆர்டிபி என்பது படத்தையும் ஒலியையும் அனுப்பும் நெறிமுறை. எங்கள் அளவீட்டில் ஓர் அலைவரிசை விநாடிக்குச் சராசரியாக 2.5 மெகாபிட் எடுத்தது. 22-க்கும் சேர்த்து ஏறத்தாழ 55 மெகாபிட். கலையரங்கத்தில் உள்ள எச்டிஎம்ஐ என்கோடர் நிகழ்ச்சி நாட்களில் மேலும் 8 மெகாபிட் சேர்க்கும். ஒவ்வொரு தொலைக்காட்சியின் பின்னாலும் ராஸ்பெரி பை 3 என்ற ஒரு சிறு கணினி, அதில் படத்தை ஓட்டும் விஎல்சி மென்பொருள்.

சர்வர் அறையின் மைய சுவிட்ச் சற்றுப் பழையது. இயந்திரவியல் கட்டடத்தில் புதிய மேலாண்மை சுவிட்சும், நூலகத்திலும் விடுதியிலும் இடைத்தரமானவையும் இருந்தன. பழைய அறிவியல் கட்டடத்தில் மட்டும் அமைப்பு எதுவும் மாற்ற முடியாத சாதாரண 24 போர்ட் சுவிட்ச். அந்தக் கட்டடத்திற்குப் போகும் ஃபைபரின் இரு முனையிலும், ஃபைபரைச் சாதாரண வலைக்கேபிளோடு இணைக்கும் 100 மெகாபிட் மீடியா கன்வர்ட்டர்கள். வளாகம் முழுவதும் ஒரே விலான், அதாவது பிரிக்கப்படாத ஒரே வலைப்பகுதி. இந்தக் கடைசி வாக்கியத்தைப் படித்ததும் விஷயம் தெரிந்தவர்களுக்குப் பாதி விடை கிடைத்திருக்கும்.

புகார்கள் கட்டடத்திற்கு ஒரு விதமாக வந்தன. பழைய அறிவியல் கட்டடத்தில் படம் எந்நேரமும் கட்டம் கட்டமாக உடைந்தது. இயந்திரவியல் கட்டடத்தில் படம் அருமையாகத் தொடங்கிச் சில நிமிடங்களில் அப்படியே உறைந்துவிடும். விஎல்சியை மூடித் திறந்தால் மீண்டும் ஓடும். விடுதியின் பொது அறைத் தொலைக்காட்சி வைஃபையில் இணைந்திருந்தது. அங்கே படம் வந்ததே அரிது. நூலகத்தில் மட்டும் குறை இல்லை.

செயற்கைக்கோளை நம்பும் எவருக்கும் முதல் சந்தேகம் டிஷ் மீதுதான் வரும், எங்களுக்கும் வந்தது. அலைவரிசைகள் வந்து சேரும் வடிவமான எம்பெக் டிரான்ஸ்போர்ட் ஸ்ட்ரீமில் ஒவ்வொரு பாக்கெட்டும் 188 பைட். அதற்குள் 4 பிட் தொடர்ச்சி எண் ஒன்று உண்டு. அத்தகைய ஏழு பாக்கெட்டுகள், அதாவது 1316 பைட், ஒரு யுடிபி (போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காத அனுப்பு முறை) பாக்கெட்டில் ஏறிப் போகின்றன. அதற்கு முன்னால் வரும் 12 பைட் ஆர்டிபி தலைப்பில் 16 பிட் வரிசை எண் தனியாக உண்டு. இந்த இரண்டு எண்களும் இரண்டு வெவ்வேறு இடங்களில் போடப்படுபவை என்பதே இங்கே பயன்படும் செய்தி. தொடர்ச்சி எண் செயற்கைக்கோளுக்கு அனுப்பப்படும்போதே இருப்பது. ஆர்டிபி எண் எங்கள் சர்வரில் போடப்படுவது. ஆர்டிபி எண் விடாமல் வந்து தொடர்ச்சி எண் மட்டும் தாண்டினால் இழப்பு சர்வருக்கு முன்னால், டிஷ் பக்கம். ஆர்டிபி எண்ணே தாண்டினால் இழப்பு வலையமைப்பில். டிவிபிளாஸ்ட் தன் பதிவில் தொடர்ச்சி பிழைகளை அறிவிக்கும். வானம் தெளிந்திருந்த பகல் முழுவதும் அது ஒன்றும் சொல்லவில்லை. டிஷ்ஷை விட்டுவிட்டுக் கீழே இறங்கினோம்.

எண்ணுவதற்கு ஒரு கருவி தேவைப்பட்டது. பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளின் ஆர்டிபி பகுப்பாய்வு நல்லதுதான், ஆனால் மணிக்கணக்கில் ஓட விட்டால் நினைவகத்தைத் தின்றுவிடும். ஆகவே நாற்பது வரிக்குள் ஒரு பைத்தான் நிரல் எழுதினேன். குழுவில் சேர வேண்டும், வரிசை எண்ணைப் பார்க்க வேண்டும், முந்தையதைவிட ஒன்று கூடவில்லையென்றால் நேரத்தையும் இடைவெளியின் அளவையும் எழுத வேண்டும், 65535-க்குப் பின் பூஜ்யம் வருவதை இழப்பாகக் கருதக் கூடாது. வேறு எதுவும் அதில் இல்லை.

இந்தக் கருவியே முதலில் பொய் சொன்னது. 22 குழுக்களையும் ஒரே சாக்கெட்டில் (நிரல் வலையமைப்போடு பேசும் வாயிலில்) சேர்க்கப் பார்த்தபோது 21-வது குழுவில் ‘பஃபர் (தற்காலிக நினைவகம்) இடம் இல்லை’ என்ற பொருளில் பிழைச்செய்தி வந்தது. அதைப் படித்துவிட்டு நினைவக அமைப்புகளைத் தேடிக்கொண்டு போவது இயல்பு. உண்மையில் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் ஒரு சாக்கெட் சேரக்கூடிய மல்டிகாஸ்ட் குழுக்களின் எண்ணிக்கைக்கு 20 என்ற இயல்பு வரம்பு உண்டு. வரம்பைத் தாண்டினால் வரும் பிழைக்குத்தான் அந்தப் பெயர். வரம்பை உயர்த்தியதும் சேர்ந்துகொண்டது.

அடுத்ததாக, மைய சுவிட்சிலேயே மடிக்கணினியைச் செருகி எண்ணினாலும் இழப்பு காட்டியது. அப்படியானால் சர்வரே சரியாக அனுப்பவில்லை என்றாகும். ஆனால் அதே மடிக்கணினியில் கெர்னலின் யுடிபி கணக்கைப் பார்த்தபோது, பெறும் பஃபர் நிரம்பியதால் தள்ளிய பாக்கெட்டுகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருந்தது. இயல்பான பெறும் பஃபர் 212992 பைட். ஒரு பாக்கெட்டுக்குக் கெர்னல் கணக்கு வைப்பது இரண்டு கிலோபைட்டுக்கும் சற்று மேல் என்பதால், அதில் 90 பாக்கெட் அளவுக்குத்தான் இடம் இருக்கும். 22 அலைவரிசைகளும் சேர்ந்து விநாடிக்கு ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பாக்கெட்டுகளாக வரும்போது, 90 என்பது இருபது மில்லிவிநாடிக்குக்கூடத் தாங்காது. நிரல் திரையில் ஒரு வரி எழுதத் தயங்கும் நேரத்திலேயே பஃபர் வழிந்துவிடும். பஃபரை 4 மெகாபைட் ஆக்கி, திரையில் எழுதுவதை நிறுத்திக் கோப்பில் எழுத வைத்த பிறகு மைய சுவிட்சில் இழப்பு சுழியமாகியது. அளக்கும் கருவியின் சொந்த இழப்பைக் கழிக்காமல் எந்த எண்ணையும் நம்பக் கூடாது என்பதால், அதன் பின் ஒவ்வோர் அளவீட்டோடும் அந்தக் கெர்னல் எண்ணிக்கையையும் சேர்த்தே குறித்து வைத்தேன்.

மடிக்கணினியில் பலித்த வைத்தியத்தை ராஸ்பெரி பைகளிலும் செய்துவிடலாம் என்று எல்லாவற்றிலும் பஃபரைப் பெரிதாக்கினோம். படத்தில் எந்த மாற்றமும் இல்லை. மாற்றுவதற்கு முன் அவற்றின் கணக்கைப் பார்த்திருந்தால் வேலை மிச்சமாகியிருக்கும்: ஒரு பை ஒரே ஓர் அலைவரிசையைத்தான், விநாடிக்கு சுமார் 240 பாக்கெட்டுகளைத்தான் வாங்குகிறது, அதன் பஃபர் ஒருபோதும் வழிந்திருக்கவில்லை.

இனி கட்டடம் கட்டடமாக. ஒரே அலைவரிசையைப் பத்து நிமிடம், அதாவது ஏறத்தாழ 1,42,000 பாக்கெட்டுகள், ஒவ்வோர் இடத்திலும் எண்ணினோம். மைய சுவிட்சில் இழப்பு இல்லை. நூலகத்தில் இல்லை. பழைய அறிவியல் கட்டடத்தில் 0.6 விழுக்காடு. இந்த அளவு இழப்பைச் சாதாரண இணையப் பயன்பாட்டில் பலர் கவனிக்கவே மாட்டார்கள், ஏனெனில் அங்கே பயன்படும் டிசிபி என்ற நெறிமுறை விட்டதை மீண்டும் கேட்டு வாங்கிக்கொள்ளும். மல்டிகாஸ்டில் மீண்டும் அனுப்ப யாரும் இல்லை. விநாடிக்கு ஒன்றுக்கு மேல் பாக்கெட் தொலைகிறது, ஒவ்வொன்றோடும் ஏழு டிரான்ஸ்போர்ட் பாக்கெட்டுகள் தொலைகின்றன, அவற்றில் ஒன்று முழுச்சட்டகத்தை (மற்றச் சட்டகங்கள் சார்ந்திருக்கும் முழுப் படத்தை) சேர்ந்ததாக இருந்தால் அடுத்த முழுச்சட்டகம் வரும்வரை கறை நீங்காது. 0.6 விழுக்காட்டில் படம் பார்க்க முடியாமல் போனதில் வியப்பில்லை.

இயந்திரவியல் கட்டடத்தின் வடிவம் முற்றிலும் வேறு. அங்கே இழப்பு சுழியம், பிறகு திடீரென்று நூறு விழுக்காடு. எத்தனை முறை தொடங்கினாலும் படம் நின்ற நேரம் 4 நிமிடம் 20 விநாடியைச் சில விநாடிகள் தாண்டி. விநாடிக் கணக்கில் அது 260. இந்த எண் தற்செயலாக வருவதல்ல. எந்தக் கருவிக்கு எந்தக் குழு வேண்டும் என்பதைத் தெரிவிக்கும் ஐஜிஎம்பி நெறிமுறையில் ‘இந்தக் குழு யாருக்கு வேண்டும்’ என்ற பொதுக் கேள்வி இயல்பாக 125 விநாடிக்கு ஒருமுறை எழும். பதில் சொல்ல 10 விநாடி அவகாசம். இரண்டு கேள்விக்குப் பதில் வராவிட்டால் உறுப்பினர் இல்லை என்று முடிவு. இரண்டு முறை 125-உடன் 10 கூட்டினால் 260. சுவிட்ச் உறுப்பினரை மறக்கிறது என்றால் யாரும் கேள்வி கேட்கவில்லை என்று பொருள்.

அந்தக் கட்டடத்தில், பாக்கெட்டுகளைப் பதிவு செய்யும் டிசிபிடம்ப் நிரலை ஓட விட்டு உறுதி செய்தோம்: ராஸ்பெரி பை தொடக்கத்தில் சேர்ப்பு அறிக்கை அனுப்புகிறது, அதன் பின் வலையமைப்பில் ஐஜிஎம்பி கேள்வி ஒன்றுகூட இல்லை. ஒரே விலானுக்குள் எல்லாம் ஓடியதால் மல்டிகாஸ்ட் ரவுட்டர் என்று எதுவும் இல்லை. கேள்வி கேட்பது ரவுட்டரின் வேலை. ஸ்னூப்பிங் (சுவிட்ச் அறிக்கைகளைக் கவனித்து, கேட்ட போர்ட்டுக்கு மட்டும் அனுப்புவது) மட்டும் இயங்கி, க்வெரியர் (கேள்வி கேட்கும் கருவி) இல்லாத வலையமைப்பு இப்படித்தான் நடந்துகொள்ளும். மற்றக் கட்டடங்களில் படம் நிற்காததற்குக் காரணம், அங்கே உள்ள சுவிட்சுகள் உறுப்பினர் தெரியாத மல்டிகாஸ்டை எல்லா போர்ட்டுக்கும் பரப்பின. இயந்திரவியல் சுவிட்சில் வேறொரு சமயம் வேறொரு காரணத்திற்காக, தெரியாத மல்டிகாஸ்டைத் தள்ளிவிடும் அமைப்பு போடப்பட்டிருந்தது. அதாவது வளாகத்திலேயே ஒழுங்காக அமைக்கப்பட்ட சுவிட்ச்தான் புகாரில் சிக்கியது.

மைய சுவிட்சில் க்வெரியரை இயக்கினோம். படம் நிற்பது நின்றது. ஆனால் இயந்திரவியல் சுவிட்சின் அமைப்புப் பக்கத்தில், அறிக்கைகளை எந்தப் போர்ட் வழியாக அனுப்புவது என்று சொல்லும் ‘மல்டிகாஸ்ட் ரவுட்டர் போர்ட்’ என்ற பட்டியல் இன்னும் காலியாகவே இருந்தது. டிசிபிடம்பில் பார்த்தால் கேள்விகள் 0.0.0.0 என்ற முகவரியிலிருந்து வந்துகொண்டிருந்தன. மைய சுவிட்சுக்கு அந்த விலானில் ஐபி முகவரி கொடுக்கப்படவில்லை. பெறும் கருவிகள் அதற்குப் பதில் சொல்லும், ஆனால் ஸ்னூப்பிங் பற்றிய இணைய நெறிமுறை ஆவணமான ஆர்எஃப்சி 4541 பரிந்துரைப்பதன்படி, 0.0.0.0-இலிருந்து வரும் கேள்வியை வைத்துச் சுவிட்ச் ஒரு போர்ட்டை ரவுட்டர் போர்ட்டாகக் கருதாது. விளைவு: கட்டடத்தின் அறிக்கைகள் மைய சுவிட்ச்வரை போகவே இல்லை. விலானுக்கு ஐபி முகவரி கொடுத்ததும் பட்டியலில் போர்ட் தோன்றியது, அறிக்கைகள் மையத்திற்கு வந்தன.

இதோடு எல்லாம் அடங்கிவிடும் என்று எதிர்பார்த்தோம். இனி யார் கேட்ட அலைவரிசை எதுவோ அது மட்டுமே அந்தப் போர்ட்டில் போக வேண்டும். மைய சுவிட்சின் போர்ட் கணக்குகளைப் பார்த்தால், எல்லாப் போர்ட்டிலும் முன்போலவே 22 அலைவரிசைகளும் கொட்டிக்கொண்டிருந்தன. பழைய அறிவியல் கட்டடத்தின் 0.6 விழுக்காடும் அசையவில்லை. ஸ்னூப்பிங் அட்டவணையில் குழுக்களும் உறுப்பினர்களும் சரியாகத் தெரிகிறார்கள், பாக்கெட்டுகள் மட்டும் அட்டவணையை மதிக்கவில்லை.

இந்த இடத்தில் விடுதிக் காப்பாளர் சொன்ன ஒரு வார்த்தை உதவியது. தொலைக்காட்சியைப் பற்றிப் பேசப் போன என்னிடம் அவர், “சார், டிவி கெடக்கட்டும், நீங்க இத ஆரம்பிச்சதுல இருந்துதான் பசங்க வைஃபை வரல வரலன்னு உயிர வாங்கறாங்க” என்றார். விடுதி வைஃபை மெதுவாக இருப்பதாக ஐடி பிரிவில் தனியாக ஒரு புகார் இருந்ததும், அதை யாரும் தொலைக்காட்சியோடு சேர்த்துப் பார்க்கவில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. ஓர் அணுகல் புள்ளியின் (வைஃபை பெட்டியின்) கேபிளைக் கழற்றி மடிக்கணினியில் செருகினேன். யாருமே கேட்காத 22 அலைவரிசைகளும் அங்கே வந்துகொண்டிருந்தன. வைஃபையில் மல்டிகாஸ்ட் பாக்கெட்டுக்குக் ‘கிடைத்தது’ என்ற ஒப்புகை கிடையாது, மறு அனுப்புதல் கிடையாது. மிகத் தொலைவில் உள்ளவருக்கும் கேட்க வேண்டும் என்பதற்காக அது அடிப்படை வேகத்தில் அனுப்பப்படும். இயல்பான அமைப்பில் அந்த வேகம் 2.4 கிகாஹெர்ட்ஸில் 1 மெகாபிட்டாகவும் 5 கிகாஹெர்ட்ஸில் 6 மெகாபிட்டாகவும் இருக்கும். 55 மெகாபிட்டை அதற்குள் திணித்தால் வான்வழி நேரம் முழுவதும் அதற்கே போய்விடும். மாணவர்களின் பாக்கெட்டுகள் காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

பரப்புவது மைய சுவிட்ச்தான் என்பது உறுதியாயிற்று. ஏன் என்பது முகவரித் திட்டத்தில் இருந்தது. தொடக்கத்தில் அலைவரிசைகளுக்கு 239.0.0.1 முதல் 239.0.0.22 வரை கொடுத்திருந்தோம். 239-இல் தொடங்கும் முகவரிகள் நிறுவனங்களின் உள்பயன்பாட்டுக்கானவை, ஒன்று இரண்டு என்று வரிசையாகக் கொடுத்தால் நினைவில் நிற்கும் என்பதே எண்ணம். ஆனால் ஐபி மல்டிகாஸ்ட் முகவரியை கேபிளில் பாக்கெட் யாருக்கு என்று காட்டும் ஈதர்நெட்டின் எம்ஏசி முகவரியாக மாற்றும்போது கடைசி 23 பிட்டுகள் மட்டுமே எடுத்துக்கொள்ளப்படும். எனவே 32 ஐபி முகவரிகள் ஒரே எம்ஏசி முகவரியில் விழும். 239.0.0.5-உம் 224.0.0.5-உம் கேபிளில் ஒரே எம்ஏசிதான். 224.0.0-இல் தொடங்கும் முகவரிகளோ நெறிமுறைகளுக்கென ஒதுக்கப்பட்டவை. அவற்றை ஸ்னூப்பிங் ஒருபோதும் தடுக்கக் கூடாது, எல்லாப் போர்ட்டுக்கும் விட வேண்டும் என்பது விதி. ஐபி முகவரியைப் பார்த்துப் பிரிக்கும் புதிய சுவிட்சுக்கு இந்தக் குழப்பம் இல்லை. இயந்திரவியல் கட்டடத்தில் ஸ்னூப்பிங் ஒழுங்காக நடந்தது அதனால்தான். எம்ஏசி முகவரியை வைத்து மட்டும் பிரிக்கும் எங்கள் பழைய மைய சுவிட்சுக்கு 22 அலைவரிசைகளும் தடுக்கக் கூடாத நெறிமுறைப் பாக்கெட்டுகளாகவே தெரிந்தன.

இந்தப் பட்டியலில் இரண்டு முகவரிகள் தனியாகச் சொல்லத் தக்கவை. முதல் அலைவரிசையின் எம்ஏசி, 224.0.0.1-இன் எம்ஏசி, அது ‘எல்லாக் கணினிகளும்’ என்ற குழு. வளாகத்தில் உள்ள ஒவ்வொரு கணினியின் வலையட்டையும் அந்த எம்ஏசியை எப்போதும் ஏற்கும், எனவே முதல் அலைவரிசையின் ஒவ்வொரு பாக்கெட்டும் ஒவ்வொரு கணினியின் கெர்னல்வரை போய்த்தான் தூக்கி எறியப்பட்டது. இருபத்திரண்டாவது அலைவரிசையோ ஐஜிஎம்பி மூன்றாம் பதிப்பின் அறிக்கைகள் போகும் 224.0.0.22-உடன் மோதியது. மைய சுவிட்சின் சிபியு எந்நேரமும் 70 விழுக்காட்டுக்கு மேல் இருந்ததை நாங்கள் அதன் வயதின் கணக்கில் எழுதி வைத்திருந்தோம்.

டிவிபிளாஸ்டின் அமைப்புக் கோப்பில் முகவரிகளை 239.192.10.1 முதல் 239.192.10.22 வரை மாற்றினோம். 239.192.0.0/14 என்ற பகுதி ஒரு நிறுவனத்தின் உள்வட்டத்திற்கென ஆர்எஃப்சி 2365-இல் குறிக்கப்பட்டது. கடைசி 23 பிட்டுகளில் 64.10 என்று தொடங்குவதால் நெறிமுறை முகவரிகளோடு மோதாது. எழுதும் வேலை பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஒவ்வொரு ராஸ்பெரி பையிலும் அலைவரிசைப் பட்டியலை மாற்றியதுதான் நேரம் எடுத்தது. சேவையை மறுதொடக்கம் செய்ததும் மைய சுவிட்சின் விளக்குகளிலேயே வேறுபாடு தெரிந்தது. விடுதி போர்ட்டில் மல்டிகாஸ்ட் போக்குவரத்து 55 மெகாபிட்டிலிருந்து பொது அறைத் தொலைக்காட்சியின் 2.5-க்கு இறங்கியது. சிபியு 15 விழுக்காட்டுக்குக் கீழே வந்தது. வைஃபை புகார் அன்றோடு நின்றது.

பழைய அறிவியல் கட்டடத்தின் 0.6 விழுக்காடும் இதில் பெரும்பகுதி கரைந்தது, ஆனால் முழுவதும் போகவில்லை. 100 மெகாபிட் இணைப்பில் 55 மெகாபிட் போனால் ஏன் இழப்பு வர வேண்டும் என்ற கேள்விக்கு, ஐந்து நிமிடச் சராசரி வரைபடம் விடை சொல்லாது. சர்வரின் வெளியீட்டைப் பதிவு செய்து மில்லிவிநாடி அளவில் பார்த்தால், மூன்று மில்லிவிநாடிக்குள் 200 பாக்கெட்டுகள் கூட்டமாகக் கிளம்பும் இடங்கள் இருந்தன. ஒரு பாக்கெட் கிகாபிட் கேபிளில் ஏறத்தாழ 11 மைக்ரோவிநாடியில் வந்துவிடும். 100 மெகாபிட்டில் வெளியே போக 110 மைக்ரோவிநாடி வேண்டும். குறுகிய சந்தில் கல்யாண ஊர்வலம் நுழைவதுபோல, உள்ளே வருவது பத்து மடங்கு வேகம். இடையில் நிற்க இடம் தருவது அந்தப் போர்ட்டின் பஃபர் மட்டும். அது நிரம்பினால் வழிவது சுவிட்சின் ‘வெளியேறும்போது தள்ளியவை’ என்ற எண்ணிக்கையில் ஏறும். எங்கள் எண்ணும் நிரல் காட்டிய இழப்பும் அந்த எண்ணிக்கையும் ஏறக்குறைய ஒத்துப்போனது, இந்தத் தேடலில் எனக்கு மிகவும் நிறைவளித்த நேரம்.

பரப்புதல் நின்ற பிறகு அந்த இணைப்பில் மூன்று தொலைக்காட்சிகள் கேட்பது மட்டும்தான் போகிறது, இழப்பு 0.02 விழுக்காட்டுக்கு இறங்கியது. ஆனால் அங்குள்ள கணினி ஆய்வகத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் பதிவிறக்கம் செய்யும்போது மீண்டும் தலைகாட்டியது. முன்னுரிமை அமைப்புகளை முயன்று பார்க்கலாம் என்றாலும், மறுமுனையில் இருப்பது அமைப்பே இல்லாத சுவிட்ச். இரண்டு கன்வர்ட்டர்களையும் எடுத்துவிட்டுக் கிகாபிட் கன்வர்ட்டர்கள் வைத்தோம். ஃபைபர் ஏற்கெனவே சிங்கிள்மோட் என்பதால் அதைத் தொட வேண்டியிருக்கவில்லை. இழப்பு சுழியமானது.

விடுதிப் பொது அறைத் தொலைக்காட்சிக்கு வைஃபையிலேயே வழி செய்ய நினைத்தோம். அணுகல் புள்ளியில் மல்டிகாஸ்டை ஒவ்வொருவருக்கும் தனிப்பட்ட யூனிகாஸ்டாக மாற்றும் வசதி இருந்தது. அதை இயக்கியபோது ஒப்புகையும் மறு அனுப்புதலும் கிடைத்துப் படம் நன்றாகவே வந்தது. ஆனால் மாலையில் அறை நிறைந்து எல்லாக் கைபேசிகளும் இணையும்போது ஆர்டிபி இடைவெளிகள் மீண்டும் வந்தன. சுவிட்சிலிருந்து அறைவரை 70 மீட்டர் கேட்-6 கேபிள் இழுத்ததோடு அந்தக் கதை முடிந்தது.

எல்லாம் சரியான பிறகு நாங்களாகவே ஒரு புதிய இழப்பை உண்டாக்கினோம். அலைவரிசை மாற்றியபின் பழையது ஓரிரு விநாடி சேர்ந்தே வருகிறது என்று, மைய சுவிட்சில் ‘ஃபாஸ்ட் லீவ்’ அமைப்பை இயக்கினோம். மறுநாளே பழைய அறிவியல் கட்டடத்திலிருந்து விசித்திரமான புகார்: பக்கத்து அறையில் அலைவரிசை மாற்றினால் இங்கே படம் நிற்கிறது, இரண்டு நிமிடத்திற்குள் தானாக வருகிறது. அந்தக் கட்டடம் முழுவதும் மைய சுவிட்சுக்கு ஒரே போர்ட். இரண்டு தொலைக்காட்சிகள் ஒரே அலைவரிசையைப் பார்க்கும்போது ஒன்று விலகினால், ஃபாஸ்ட் லீவ் வேறு யாருக்காவது வேண்டுமா என்று கேட்காமல் போர்ட்டையே வெட்டிவிடும். அடுத்த பொதுக் கேள்வி 125 விநாடிக்குள் வரும்போதுதான் மற்றது தன்னைத் தெரிவிக்கும். ஒரு போர்ட்டில் ஒரே ஒரு பெறுநர் இருந்தால் மட்டும் அந்த அமைப்பு பொருந்தும். இப்போது இயந்திரவியல் சுவிட்சின் தொலைக்காட்சி போர்ட்டுகளில் மட்டும் இருக்கிறது.

செலவு: கிகாபிட் மீடியா கன்வர்ட்டர் ஜோடி ரூ. 3,200, கேபிள் ரூ. 2,100, குழாய் பதித்த கூலியும் பொருளும் ரூ. 1,800, மடிக்கணினிக்கு யுஎஸ்பி கிகாபிட் அடாப்டர் ரூ. 1,200. மொத்தம் ரூ. 8,300. படத்தை உண்மையில் திருத்திய மூன்று மாற்றங்களுக்கு, அதாவது க்வெரியர், அதன் ஐபி முகவரி, முகவரித் திட்டம் ஆகியவற்றுக்கு, ஒரு ரூபாயும் ஆகவில்லை.

மீண்டும் முதலிலிருந்து அமைப்பதானால் தொலைக்காட்சிகளைத் தனி விலானில் வைப்பேன். அப்படிச் செய்திருந்தால் பரப்புதல் நடந்தாலும் வைஃபை தப்பியிருக்கும். அந்த வேலை அடுத்த விடுமுறைக்குக் காத்திருக்கிறது. ஒரு போர்ட்டில் தொலைக்காட்சியைச் செருகுவதற்கு முன் வலையமைப்பை அளக்கும் ஐபெர்ஃப் கருவியின் இரண்டாம் பதிப்பால் மல்டிகாஸ்ட் சோதனை ஓட்டிவிடுவேன். மூன்றாம் பதிப்பில் மல்டிகாஸ்ட் இல்லை என்பதையும், இரண்டாம் பதிப்பில் டிடிஎல் (பாக்கெட் எத்தனை ரவுட்டர் தாண்டலாம் என்ற வரம்பு) இயல்பாக 1 என்பதால் ரவுட்டரைத் தாண்ட வேண்டுமானால் அதை உயர்த்த வேண்டும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். சோதனையைக் குறைந்தது ஐந்து நிமிடம் ஓட விட வேண்டும். 260 விநாடிக்குக் குறைந்த சோதனை க்வெரியர் இல்லாததைக் காட்டாது.

எண்ணும் நிரல் இப்போது நூலகத்தில் ஒரு பழைய கணினியில் நிரந்தரமாக ஓடுகிறது; ஆர்டிபி இடைவெளியையும் தொடர்ச்சிப் பிழையையும் தனித்தனிக் கோப்பில் எழுதுகிறது. ஐப்பசி மழையில் இரண்டாவது கோப்பு நிரம்பும். செயற்கைக்கோள் பயன்படுத்தும் கேயு அலைப்பட்டையில் கனமழை சிக்னலை வலுவிழக்கச் செய்துவிடும். 90 சென்டிமீட்டர் டிஷ்ஷை 120-ஆக மாற்றக் கேட்டு எழுதியிருக்கிறோம்.